தூக்குக்குண்டு

கொத்தனாரின் சாமான்களில் எனக்குப் பிடித்தது தூக்குக்குண்டுதான். ஒரு நூல், ஓர் இரும்புக் குண்டு, குண்டின் விட்டத்துக்குச் சரியான அகலத்தில் ஒரு கட்டை, அவ்வளவே. கட்டையைச் சுவரின் மேல்பக்கம் அணைத்துப் பிடித்து, குண்டை இறக்கி, ஆட்டம் அடங்கும்வரை பொறுத்திருப்பார். குண்டு சுவரை உரசியும் உரசாமலும் நின்றால் சுவர் நேர். விலகி நின்றால் சுவர் வெளியே சாய்கிறது.

காற்றில்லாத இடத்தில் கனமானதும் லேசானதும் ஒன்றாகவே விழும். 1971இல் நிலவில் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் சுத்தியலையும் இறகையும் போட்டுக் காட்டினார். தூக்குக்குண்டிலும் அதே நியாயம்தான்: 100 கிராமோ 1 கிலோவோ, நூல் காட்டும் திசை ஒன்றே. எடை கூடினால் காற்றுக்கு அவ்வளவாக ஆடாது.

லேசர் மட்டம் வந்துவிட்டது; பேட்டரி கேட்காத இந்தக் குண்டுக்கு இன்னும் வேலை போகவில்லை.