கையுறைக்குள் ஒரு கைப்பக்குவம்

நீர்வேலியின் செம்மண் வாழைத்தோட்டங்களுக்கு மேலே, பொழுதுபட்டதும் சில நாட்களில் ஒரு வெளிச்சப் புள்ளி மினுங்காமல், ஓசையில்லாமல் கடந்துபோகும். அது சர்வதேச விண்வெளி நிலையம். அங்கே வேலை செய்த கைகளைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை.

அந்தக் கைகளுக்குரியவர்களில் ஒருவர் சுனிதா வில்லியம்ஸ். அவரை நாசா 1998இல் விண்வெளி வீராங்கனையாகத் தேர்ந்தெடுத்தது. 2006, 2012, 2024 என மூன்று பயணங்கள். மொத்தம் 608 நாட்கள். இந்த எண்களைவிட அழகானது அவருடைய கைப்பக்குவம். வெற்றிடத்தில் விண்ணுடை உள்ளழுத்தத்தால் விறைத்து நிற்கும். விரலை ஒவ்வொரு முறை மடக்கவும் கையுறையோடு மல்லுக்கட்ட வேண்டும். 2012 ஆகஸ்டில், சூரியத் தகடுகளின் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பெட்டியொன்றைப் பொருத்தும்போது போல்ட் இறங்க மறுத்தது. எட்டு மணி நேரத்துக்கு மேல் நிலையத்துக்கு வெளியே இருந்தும் முடியவில்லை. செப்டம்பர் 5ஆம் திகதி அவரும் ஜப்பானியரான அகிஹிகோ ஹோஷிடேயும், பற்தூரிகையை வைத்துச் செய்த கருவியோடு மறுபடி வெளியே போனார்கள். உலோகத் துகள்களைத் துடைத்தெடுத்து, மசகு தடவி, போல்டைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பினார்கள். எத்தனை நிதானம்!

பெட்டி அன்றே பொருந்தியது.