தடியும் குச்சியும்

ஜாக் லண்டனின் 'கானகத்தின் குரல்' நாவலை முதலில் பெரியசாமித் தூரனின் தமிழில்தான் படித்தேன். அப்போது மனதில் நின்றது ஒரே காட்சி. கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி வீட்டில் செல்லமாக வளர்ந்த பக் என்ற நாய், திருடி விற்கப்பட்டு, கூண்டில் அடைபட்டு சியாட்டில் வந்து சேர்கிறது. சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒருவன் கையில் தடியோடு கூண்டைத் திறக்கிறான். பக் பாய்கிறது, அடி விழுகிறது. மறுபடி பாய்கிறது, மறுபடி அடி. கடைசியில் அடித்த அதே கையிலிருந்து இறைச்சி வாங்கித் தின்கிறது. 'அடியாத மாடு படியாது' என்று கேட்டு வளர்ந்தவனுக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. பழக்குவது என்றால் அடிப்பது, அவ்ளோதான்.

இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் அந்தக் காட்சியிலேயே நின்றுவிடுகிறார்கள். சமீபத்தில் திரும்பப் படித்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது: நாவலே அந்தத் தடியை முழுசாக நம்பவில்லை.

அடிப்படையான ஒரு விஷயத்திலிருந்து தொடங்கலாம். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிக்குக் கடிவாளம் கிடையாது. பதினான்கு நாய்களை ஜோடி ஜோடியாகப் பூட்டினால், முன்னால் ஓடும் தலைமை நாய் ஓட்டுபவரிடமிருந்து பதினைந்து மீட்டருக்கும் அப்பால் இருக்கும். அவ்வளவு தூரத்துக்கு எட்டுவது குரல் மட்டும்தான். 'ஜீ' என்றால் வலது, 'ஹா' என்றால் இடது, 'வோ' என்றால் நில். அலாஸ்காவின் நாய்ப் பட்டிகளில் ஓடச் சொல்லித் தருவது பெரிய பாடே இல்லை. பட்டையை எடுத்தாலே நாய்கள் குதித்துக் குரைத்து ரகளை செய்யும். நிற்க வைப்பதுதான் வேலை. நிறுத்திய வண்டி போய்விடாமல் இருக்கப் பனியில் இரும்புக் கொக்கியை மிதித்து இறக்குகிறார்கள். பனி விழுவதற்கு முந்தைய மாதங்களில் நான்கு சக்கர மோட்டார் வண்டியில் பூட்டிப் பழக்குவார்கள். அதன் எடையும் பிரேக்கும் நாய்களைக் கட்டுக்குள் வைக்கும். புது நாயை அனுபவமுள்ள நாயின் பக்கத்தில் பூட்டிவிடுவதும் வழக்கம். பாதிப் பாடத்தை அதுவே சொல்லிக்கொடுத்துவிடும்.

லண்டனுக்கு இது தெரியும். 1897இல், 21 வயதில், தங்கம் தேடி க்ளோண்டைக் போனவர் அவர். 1903இல் வந்த நாவலில் பிரான்ஸ்வா என்ற ஓட்டுநர், டேவ், ஸொலெக்ஸ் என்ற இரண்டு பழைய நாய்களுக்கு நடுவில் பக்கைப் பூட்டுகிறான், கற்றுக்கொள்ளட்டும் என்று. சாட்டையும் இருக்கிறது. ஆனால் பக் தப்பு செய்யும்போது டேவ் பின்காலில் லேசாகக் கடித்துத் திருத்துகிறது. காரணமில்லாமல் ஒருபோதும் கடிப்பதில்லை.

அடுத்து நான் முக்கியம் என்று நினைக்கும் இடம். தலைமை நாயான ஸ்பிட்ஸைப் பக் கொன்றுவிடுகிறது. பிரான்ஸ்வா அந்த இடத்தில் ஸொலெக்ஸைப் பூட்டுகிறான். பக் விடுவதாக இல்லை. தடியை எடுத்துக்கொண்டு துரத்தினால், தடி எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு சுற்றிச் சுற்றி வருகிறது. ஓடிப்போகவும் இல்லை, பக்கத்தில் வரவும் இல்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் இப்படியே போகிறது. கடைசியில் பிரான்ஸ்வா தடியைக் கீழே போடுகிறான். பக் தானாக வந்து தலைமை இடத்தில் நிற்கிறது. சியாட்டில் பாடம் அங்கேயே தோற்றுவிட்டது.

ஆனால் லண்டன் அந்த இடத்தில் நிற்காமல் நழுவிவிடுகிறார். மனிதன் கையிலிருந்து விழுந்த தடி பக்கின் வாய்க்குப் போகிறது. சோம்பேறி நாய்களைப் பக் கடித்துக் குதறி ஒழுங்குபடுத்த, வண்டி வேகமெடுக்கிறது. நிஜப் பட்டிகளில் சண்டையில் ஜெயிக்கிற நாய்தான் தலைவன் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. குரலைக் கவனிக்கிற, பாதையைப் படிக்கிற, முன்னால் ஓடும் அழுத்தத்தைத் தாங்குகிற நாய்தான் முன்னே போகும். 1986 முதல் 1990க்குள் நான்கு முறை இடிடராட் பந்தயத்தில் வென்ற சூசன் புட்சர், தன் தலைமை நாய் டெக்லாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஒருமுறை அவர் சொன்ன திசையில் போகாமல் அது விலகி விலகி இழுத்தது. கடைசியில் அதன் போக்கில் விட்டார். கொஞ்ச நேரத்தில் அவர்கள் போயிருக்க வேண்டிய பாதை ஆற்றுக்குள் இறங்கிவிட்டது. அடித்துப் பழக்கிய நாய் அப்படி மறுத்திருக்குமா?

நாவலில் என்னை இப்போது தொந்தரவு செய்வது டேவ்தான். டாசனிலிருந்து திரும்பும் பயணத்தில் அதற்கு உடம்பு முடியாமல் போகிறது. ஓட்டுநர் இரக்கப்பட்டு அவிழ்த்து, சும்மா பின்னால் ஓடிவரட்டும் என்று விடுகிறான். அது ஸொலெக்ஸின் வாரைக் கடித்து அறுத்துவிட்டுத் தன் பழைய இடத்தில் போய் நிற்கிறது. மறுபடி பூட்டுகிறார்கள். மறுநாள் அதனால் எழுந்து வரவே முடியவில்லை. பின்னால் ஒரு துப்பாக்கிச் சத்தம். வண்டி நகர்கிறது.

இந்தச் சாவுக்குத் தடியோ சாட்டையோ தேவைப்படவில்லை. இழுக்க வேண்டும் என்ற ஆசையே போதுமாக இருந்தது. டேவ் மாதிரி ஒருத்தன் நான் நடத்திய டீமில் இருந்தான். ரிலீஸ் வாரத்தில் காய்ச்சலோடு ராத்திரி இரண்டு மணிக்கும் ஆன்லைனில் இருப்பான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 'போய்த் தூங்குடா' என்று ஒருமுறை சொன்னேன். 'இதோ முடிஞ்சிரும்ணே' என்றான், விட்டுவிட்டேன். அப்ரைசலில் அதை 'ஓனர்ஷிப்' என்று எழுதிப் பாராட்டியதும் நான்தான். நான் கத்தாத லீட் என்பதில் எனக்குப் பெருமை வேறு.

1983இலும் 1985இலும் இடிடராட் ஓடிய கேரி பால்சனின் 'வுட்சாங்' (1990) நூலில் ஸ்டார்ம் என்றொரு நாய் வருகிறது. வாயில் ஒரு குச்சியை வைத்துக்கொள்வது அதன் பழக்கம். பால்சன் நாய்களை அளவுக்கு மீறி நெருக்கினாலோ, கடுமையாக நடந்துகொண்டாலோ, அந்தக் குச்சி காணாமல் போய்விடும். தான் எல்லை தாண்டியதை அதிலிருந்துதான் அவர் தெரிந்துகொள்கிறார். மீண்டும் ஸ்டார்ம் குச்சியை எடுத்துக்கொண்டால் சமாதானம்.

லண்டனிடம் மரத்துண்டு மனிதன் கையில் இருக்கிறது, பால்சனிடம் நாயின் வாயில். லண்டன்தான் பெரிய எழுத்தாளர், அதில் சந்தேகமில்லை. டேவின் சாவை எழுத அவரால்தான் முடியும். ஆனால் நாய்களைப் பழக்குவதில் பாதி, ஓட்டுகிறவன் பழகுவது என்பதைப் பால்சனிடம்தான் படித்தேன். டேவின் வாயில் ஒரு குச்சி இருந்திருந்தால் அந்த ஓட்டுநர் பார்த்திருப்பானா, தெரியவில்லை. நான் பார்க்கவில்லை.