நீர் வடிந்தபின் வரும் ஆபத்து

2024 டிசம்பர் 1 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. முந்தைய உச்சம் 2004-இல் பெய்த 21 சென்டிமீட்டர்தான். ஃபெஞ்சல் புயல் ஓய்ந்த பிறகு சாத்தனூர் அணை உபரிநீர் தென்பெண்ணை ஆற்றில் இறங்க, புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் வெள்ளக்காடானது.

இப்படிப்பட்ட மழைக்குப் பின் நம் ஊர்களில் சாலை ஆய்வு என்றால் பொறியாளர் ஜீப்பில் சுற்றிவருவதுதான். அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. எந்தச் சிறுபாலம் அடைத்துக்கொள்ளும், எந்த வளைவில் கரை கரையும் என்பது அங்கேயே பல காலம் வேலை பார்த்த சாலைப் பணியாளருக்குத்தான் தெரியும். ஆம்புலன்ஸுக்கு வழி பிறப்பதும் அந்த ஜீப் சுற்றின் வேகத்தால்தான்.

ஆனால் அந்த ஆய்வில் எழுதப்படுவது சேதக் கணக்கு. பெயர்ந்த தார் இத்தனை மீட்டர், நிவாரணம் இத்தனை லட்சம் என்று அது போகும். இன்னும் பெயராமல் நிற்கும் ஆபத்துக்கு அதில் இடமில்லை. ஆறு நிரம்பி ஓடும்போது வெளித்தண்ணீரே கரையைத் தாங்கிப் பிடிக்கிறது. அது சட்டென்று வடிந்தால், மண்ணுக்குள் புகுந்த நீர் அதே வேகத்தில் வெளியேற முடியாமல் கரையைத் தள்ளுகிறது. சரிவு பெரும்பாலும் அப்போதுதான் நிகழும். நாம் போக்குவரத்தைத் திறந்துவிடுவதும் அப்போதுதான்! கடலோர நகர்ப்பகுதியில் வேறு வகை ஆபத்து: உடைந்த பாதாளச் சாக்கடைக் குழாய் மணலை உறிஞ்சிக்கொண்டு போக, தார் மட்டும் தோல்போல மேலே நிற்கும். தண்ணீர் லாரி ஏறும்வரை யாருக்கும் தெரியாது.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2014-இல் தொடங்கிய நிலச்சரிவு வாய்ப்பு வரைபடப் பணி மலைப்பகுதிகளுக்கானது. சமவெளிச் சாலை அதன் கவலையில்லை. தரையை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் வாங்கலாமே என்பார்கள். உப்புநீர் ஊறிய மண்ணில் அதன் பார்வை சீக்கிரமே மங்கிவிடும். தார் ஓரத்தில் சாலைக்கு இணையாக ஓடும் விரிசல், சாய்ந்த மின்கம்பம், மணலோடு கசியும் கலங்கல் நீர் ஆகியவற்றை இடம்வாரியாகக் குறித்து, அடுத்த மழைக்கு அதே பதிவேட்டைத் திறந்தாலே பாதி வேலை முடியும்.

மீதிப் பாதிதான் சிக்கல். பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற எல்லை துண்டுதுண்டானது. புதுச்சேரியிலிருந்து பாகூர் போகும் வழியிலேயே தமிழகம் குறுக்கிடலாம். எல்லைக்கு அப்பால் கரை விரிசல் விட்டால் இப்பக்கத்துப் பொறியாளரின் பதிவேட்டில் அது ஏறாது. கரை ஊறிக் கிடக்கும் ஓரிரு நாள் கனரக வாகனங்களை நிறுத்திவைக்க, இரு அரசுகளும் தேசிய நெடுஞ்சாலைத் துறையும் ஒன்றாகக் கையெழுத்திட வேண்டும்.