துணைக்கு ஒரு குரல்

அமெரிக்க வானொலியில் அரசியல் பேசிய ரஷ் லிம்பா பொய்யை அழகாகச் சொன்னார் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சர்ச்சைகளில் இரு தரப்பையும் ஒலிபரப்ப வேண்டுமென்ற விதி 1987-ல் கைவிடப்பட்டது. மறு வருஷமே அவர் குரல் நாடெங்கும் கேட்டது. வாரநாட்களில் தினம் மூன்று மணி நேரம்! காரில் தனியே போகிறவனுக்குக் கூடப்பிறந்தவன்கூட அத்தனை நேரம் துணையிருப்பதில்லை. கதாசிரியர்களான நாங்களும் இப்படித்தான். வாசகனின் மனசை அவனுக்கே சொல்லிக் காட்டிவிட்டு, அப்புறம்தான் புளுகுகிறோம். ஆனால் எங்கள் அட்டையில் 'நாவல்' என்று அச்சிட்டிருக்கும். 2020 பிப்ரவரியில் அவர் கொரோனாவைச் சாதாரண ஜலதோஷம் என்றார். நம்பியவர்களை முட்டாள்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. முப்பது வருஷமாகத் தம் கோபத்தைத் தம்மைவிட நன்றாகச் சொல்லிவந்தவரிடம் அத்தாட்சி கேட்க யாருக்கு வாய் வரும்?