தழும்பும் துணியும்

லிங்கராஜபுரத்து மேம்பாலத்தின் கீழே ரயில் கூவிச் செல்லும்போதெல்லாம், 1991-இல் வெளிவந்த மணிரத்னத்தின் ‘தளபதி’யில், கூட்ஸ் வண்டியில் விட்டுவந்த சிசுவை மறக்கவொண்ணாத தாயாக ஸ்ரீவித்யா அவ்வோசை கேட்டுக் கலங்குவது என் ஸ்மரணையில் எழும். கதை கர்ணனுடையது என்பதைப் பாமரரும் அறிவர். ஆயினும் அச்சிசுவைப் பொதிந்த துணியே பிற்காலத்தில் அடையாளமாகி நிற்கும் சாதுரியம், யவன மகாகவி ஹோமரின் ‘ஒடிஸி’யில், பரதேசிக் கோலத்தில் வீடு திரும்பிய ஒடிசியஸின் பாதங்களை அலம்பும் கிழச்செவிலி, காட்டுப்பன்றி கிழித்த பழந்தழும்பு கையில் தட்டுப்பட்டதும் அவனை இன்னானென்று உணரும் கட்டத்துக்கு நெருங்கிய பந்து. ஹோமரோ அத்தருணத்தில் கதையை நிறுத்தி, தழும்பின் பூர்வோத்தரத்தை ஏறத்தாழ எழுபது வரிகளில் நிதானமாய் விவரிக்கிறார், அவ்வளவு அவகாசமில்லாத சினிமாவில், அந்தக் காரியத்தை இளையராஜாவின் வாத்தியங்கள் சில க்ஷணங்களில் முடித்துவிடுகின்றன.