தாகமும் தஸ்தாவேஜும்

"நாவல் எழுதுகிறவருக்கு அரசாங்க அறிக்கையோடு என்ன வேலை?" என்று கேட்டார் நண்பர். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு நகரத்து ஆஸ்பத்திரியைப் பற்றி, பாரிஸ்டர் ராபர்ட் பிரான்சிஸ் நடத்திய பொது விசாரணையின் அறிக்கை என் மேஜைமேல் கிடந்தது. 2013-ல் வெளிவந்தது, மூன்று பெரிய பாகங்கள். "சோக நாவல் படிக்கிறேன்" என்றேன். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

கதை இதுதான். 2005 முதல் 2009 வரை அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகள் சிலர் தண்ணீர் கைக்கெட்டாமல் தவித்தார்கள். சிலர் அழுக்கான படுக்கையிலேயே விடப்பட்டார்கள். அவசர சிகிச்சைப் பகுதியில், வந்தவரின் நிலைமையை முதலில் எடைபோட்டவர்கள் வைத்தியம் அறியாத வரவேற்புக் குமாஸ்தாக்கள். ஆயினும் 2008 பிப்ரவரியில் அந்த நிர்வாகத்துக்குத் தன்னாட்சி அந்தஸ்து கிடைத்தது!

வில்லனைத் தேடினேன், அகப்படவில்லை. நிர்வாகக் குழுவினர் கொடியவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் கூட்டங்களில் பேச்செல்லாம் பணம், இலக்கு, அந்தஸ்து என்ற மூன்றையே சுற்றி வந்தது. எஜமான் எதைக் கேட்கிறாரோ அதைத்தானே காரியஸ்தர் கொண்டுவந்து வைப்பார்? புகார்களும் குழுவிடம் சுருக்கமாகவே வந்தன. "அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை" என்று ஒரு மகள் அழுது எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கத்தில் அது 'பராமரிப்புக் குறை: ஒன்று' ஆகிவிடும். தாயும் இல்லை, தாகமும் இல்லை.

கணக்கே பொய் என்று நான் வாதாட வரவில்லை. மரண விகிதம் அதிகமாயிருக்கிறதே என்று கண்காணிப்பாளர்களை உலுக்கியதும் ஒரு கணக்குத்தான். எந்தக் கணக்கைக் கேட்கிறோம், அதற்குப் பின்னால் இருக்கும் மனிதரைப் பார்க்கிறோமா என்பதே கேள்வி.

சுருக்கத்தில் மறைந்த மனிதர்களைத் திரும்பப் பேசவைத்ததுதான் பிரான்சிஸின் வெற்றி. அவருடைய குறையையும் சொல்லிவிடுகிறேன். முடிவில் 290 பரிந்துரைகள்! மனப்பாங்கு மாறவேண்டும் என்று சொல்பவரே இவ்வளவு நீண்ட ஜாபிதா போடலாமா? எண்ணிக்கையால் வந்த நோய்க்கு எண்ணிக்கையே மருந்தா?

என்னைக் கேட்டால் ஒன்று போதும். ஒவ்வொரு கூட்டத்திலும், வரவு செலவைப் பிரிக்குமுன், ஒரு புகார்க் கடிதத்தை ஓர் எழுத்துக்கூடக் குறைக்காமல் உரக்கப் படிக்கட்டும். பிறகு நிர்வாகியைப் பார்த்து, "அப்புறம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்கட்டும்.

அந்தப் பதிலுக்கு மார்க்குப் போடட்டும்.