பொய்க்காதலும் அலரும்

பெருவாரியாக விற்பனையாகும் காதற்கதைகளை ஆய்வுக்குரியனவாகக் கொள்ளும் வழக்கம் நம் துறைகளில் மிகுதியாக இல்லை. அவை ஒரே வார்ப்பில் அமைந்தவை, முடிவை முதலிலேயே காட்டிவிடுபவை என்பர். இக்காரணம் வலியுடையதன்று. கூறுவோர் இன்னார், கேட்போர் இன்னார், துறை இன்னது என முன்னரே வரையறுத்துக்கொண்ட அகப்பாடல்களைப் போற்றும் நாம், மரபுவழிப்பட்டது என்பதனையே ஒரு குறையாகக் கூறுதல் பொருந்தாது. மரபினுள் நின்று ஆசிரியர் யாது செய்தார் என்பதே நாம் கேட்கத்தக்கது. முதுகலை மாணவி ஒருவர் தந்த ஆங்கில நாவல் ஒன்றை இவ்வெண்ணத்துடனேயே படித்தேன்.

ஆலி ஹேசல்வுட் எழுதிய ‘தி லவ் ஹைப்பாதிசிஸ்’ 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. ‘காதற் கருதுகோள்’ என இதன் பெயரைத் தமிழில் கூறலாம். ஆசிரியர் நரம்பறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஹேசல்வுட் என்பது அவர்தம் புனைபெயர். ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்பட மாந்தரை வைத்து ரசிகர்கள் எழுதும் புனைவுகளுள் ஒன்றாக இணையத்தில் தோன்றிய கதையே பின்னர் நாவலாயிற்று.

கதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உயிரியல் துறையில் நிகழ்கின்றது. ஆலிவ் ஸ்மித் முனைவர் பட்ட மாணவி. கணையப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் வழியை ஆராய்பவள். அவள் தாய் அந்நோயால் இறந்தவர். ஆலிவ் முன்னர்ப் பழகிய ஜெரமி என்பானை அவள் தோழி ஆன் விரும்புகிறாள். ஆயினும் ஆலிவின் மனம் நோகுமென அஞ்சி ஒதுங்குகிறாள். தனக்கு வேறொருவன் வாய்த்துவிட்டான் எனத் தோழியை நம்பச் செய்தற்காக, இடைகழியில் எதிர்ப்பட்ட ஒருவனை ஆலிவ் முத்தமிடுகிறாள். அவன் மாணவர் அஞ்சும் இளம்பேராசிரியன் ஆடம் கார்ல்சன். அவன் வேறிடம் பெயர்ந்துவிடுவான் என ஐயுற்ற பல்கலைக்கழகம் அவனது ஆய்வு நிதியை முடக்கி வைத்துள்ளது. இங்கே வேரூன்றிவிட்டான் என்று காட்ட அவனுக்கும் ஒரு காதலி வேண்டும். இருவரும் காதலர்போல் நடிக்க உடன்படுகின்றனர்.

நடிப்பு மெய்யாகும் என்பது படிப்போர் அறிந்ததே. இவ்வமைப்புப் புதியதும் அன்று. ஜார்ஜெட் ஹேயர் 1953இல் எழுதிய ‘கொட்டிலியன்’ நாவலில் கிட்டி என்னும் பெண், ஃபிரெடியுடன் பொய்யாக மணவுறுதி செய்துகொள்கிறாள். அவள் மனம் முதலில் ஜாக்கினிடம் உள்ளது. நடிப்பின் இடையே அவள் ஆடவரை மதிப்பிடும் அளவுகோலே மாறுகின்றது. கவர்ச்சியற்றவனாகத் தோன்றிய ஃபிரெடியின் பண்பு புலனாகின்றது. அங்கே பொய், தலைவியின் அறிவை வளர்க்கும் கருவி. ஹேசல்வுட்டின் நாவலில் தேர்வு இல்லை, காலத்தாழ்ப்பே உண்டு. சேர்க்கை நேர்காணலுக்கு வந்த ஆலிவ், கண்வில்லையின் எரிச்சலால் முகம் அறியாமல் ஒருவனுடன் உரையாடியதைக் கதையின் முகப்பிலேயே ஆசிரியர் காட்டிவிடுகிறார். அவன் ஆடமே என நாம் உடனே உணர்கிறோம். அவளுக்கோ நெடுங்காலம் விளங்குவதில்லை. கதை முழுவதும் அவள் பார்வையிலேயே செல்வதால், அவன் நெஞ்சை நாம் அவளினும் முன்னே படித்துவிடுகிறோம். இந்நூலின் இன்பம் பெரிதும் இதனாலாயது. சில இடங்களில் அவளது அறியாமை நம்பத்தக்க எல்லையைக் கடந்துவிடுகின்றது என்பதையும் சொல்ல வேண்டும்.

தமிழ் மாணவர் இங்கு நின்று நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. களவு மறைவில் நிகழ்வது. அதனை ஊரறியச் செய்வன அம்பலும் அலரும். இந்நாவலிலோ அலர் முன்னே பிறக்கின்றது; காதல் அதன் பின்னே வருகின்றது. இருவரும் அலரைத் தாமே முயன்று உண்டாக்குகின்றனர். கூட்டம் நிறைந்த சொற்பொழிவில் இருக்கையின்றி அவள் அவன் மடியில் அமர நேர்வதும், துறை உலாவில் வெயிற்காப்புக் களிம்பு பூசுவதும் ஊரார் கண்ணுக்காக நிகழ்வன. அலர் காமத்தை வளர்க்கும் எனத் திருவள்ளுவர் ‘அலரறிவுறுத்தல்’ அதிகாரத்தில் கண்டதே இங்கும் நிகழ்கின்றது. தோழியின் நிலையோ தலைகீழானது. அகமரபில் தோழி மறைபொருளை அறிந்தவள். உரிய காலத்தில் அறத்தொடு நின்று அதனை உரைப்பவள். இங்கே ஆன்தான் மெய்யறியாது நிறுத்தப்படுபவள். பொய்யே அவள்பொருட்டுத் தோன்றியது.

இனி, நாவலின் கடினமான பகுதிக்கு வருவோம். பாஸ்டனில் நடைபெறும் கருத்தரங்கில் ஆலிவ் தன் ஆய்வை உரைக்கிறாள். ஆடமின் நண்பனும் ஹார்வர்டு ஆய்வாளனும் ஆகிய டாம் பெண்டன், அவளுக்குத் தன் ஆய்வகத்தில் இடம் தர இசைந்தவன், அவளிடம் தகாத முறையில் நடக்க முற்படுகிறான். அவள் மறுத்ததும், ஆடமின் காதலி என்பதனாலேயே உனக்கு மேடை கிடைத்தது என இழிக்கிறான்; வெளியே சொன்னால் ஆடமும் நம்பான் என மிரட்டுகிறான். நாவலின் மிகச் சிறந்த கட்டம் இதுவே. நன்மைக்கென அவள் விதைத்த அலர் அவள் உழைப்பின்மீதே பழியாக விழுகின்றது. ஒரு முத்தத்தைக் கண்டு பொய்யை முழுதும் நம்பிய துறையில், தன் மெய்யை ஒருவரும் நம்பார் என்று அவளே எண்ணுகிறாள்.

இம்முரணை ஆசிரியர் அறிந்து அமைத்தாரா என்பது ஐயமே. அறிந்திருப்பின், அடுத்து வரும் பகுதிகள் இதனை விட்டு இவ்வளவு விரைவில் விலகியிரா. ஆலிவ் மௌனம் சாதிக்கிறாள். நண்பர் இருவரையும் பிரித்தல் கூடாது என்பது அவள் கூறும் காரணம். அது அவள் இயல்புக்கு ஒத்ததே. ஆனால் அம்மௌனம் உடைவது அவள் துணிவால் அன்று. தன் உரையைப் பதிவு செய்ய வைத்த கைப்பேசி நிறுத்தப்படாமையால் டாமின் சொற்களும் அதில் பதிந்துவிட்டன. அப்பதிவு கிடைத்த பின்னரே அவள் ஆடமை நாடுகிறாள். அவனும் உடனே நம்புகிறான்.

அவன் பதிவின்றியும் நம்பியிருப்பான் என்பதற்கு வேண்டிய குறிப்புகளை ஆசிரியர் முன்னரே நிரம்பத் தந்துள்ளார். அவள் வெறுங்கையுடன் சென்று சொல்லியிருப்பின், காதல் மெய்யானது என்பதற்கு அதனினும் பெரிய காட்சி இந்நாவலில் வேறு இருந்திராது.